கரடியும் கைத்துப்பாக்கியும்

போன வருஷம் மாசி மாதத்தில் என் மருமகனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. என் மூத்த சகோதரியின் மகன். அமெரிக்காவில் மோன்டானா மாநிலத்தில் பதினைந்து வருஷமாக உத்தியோகம் பார்க்கிறான். அந்த நாட்டுப் பிரஜையாகவே ஆகிவிட்டான். ஊரில் இருந்தவரையில் கடைத்தெருவுக்கு நடந்து போய் வரச் சொன்னால் முகத்தைச் சுளிப்பான். அங்கே போன பிறகு என்ன வந்ததோ, முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலை மலையாக ஏறி இறங்குகிறான்.

"மாமா, நீங்கள் பழைய சரித்திரங்களையெல்லாம் புரட்டுகிறவர்கள். ஒரு யோசனை சொல்லுங்கள். வருகிற கோடையில் ஐந்து நாள் காட்டில் நடக்கப் போகிறோம். கிரிஸ்லி கரடி நடமாடும் இடம். கைத்துப்பாக்கி ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறேன். மூட்டையின் கனமே பதினைந்து கிலோ இருப்பதால் துப்பாக்கியாவது கனமில்லாமல் இருக்க வேண்டும். கடைக்காரர் ஒன்றைக் காட்டுகிறார். சிநேகிதர்கள் வேறொன்றைச் சொல்லுகிறார்கள். எதை வாங்கலாம்? அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்று எழுதியிருந்தான்.

எங்கள் குடும்பத்தில் ஒரு ரகசியம் இரண்டு நாள் தாங்கினாலே அதிசயம். மூன்றாம் நாள் காலையில் அக்கா என் வீட்டு வாசலில் நின்றாள்.

"ஏலே தம்பி, அவன் துப்பாக்கி வாங்கப் போறானாமே? வேண்டாம்னு எழுது. இல்லே, கரடி இருக்கிற இடம்ங்கான், நல்லதா ஒண்ணு வாங்கிக்கிடட்டும்னு எழுது. எனக்கு ஒண்ணும் ஓடலை. பிள்ளை முழுசா திரும்பி வரணும். அதுக்கு என்ன எழுதணுமோ, அதை எழுது."

துப்பாக்கி விஷயத்தில் என் அனுபவமெல்லாம், என் நாவல்களில் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றதோடு சரி. அந்த மூன்று பேருக்கும் ஒரே ரவைதான் செலவாயிற்று. மூவரும் கையால் மார்பைப் பிடித்துக்கொண்டு நாலு வாக்கியம் பேசிவிட்டு இறந்தார்கள். கரடி அப்படி இறக்காது என்பது மட்டும் எனக்குத் தெரியும். தெரிந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது தேன் எடுக்க மலைக்குப் போகும் கிழவர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வருவார். அவருக்கு முகத்தில் ஒரு பாதிதான் இருந்தது. மறு பாதியைத் துண்டால் மூடியிருப்பார். காற்றில் துண்டு விலகினால் நாங்கள் ஓடி ஒளிந்துகொள்வோம். ஒரு நாள் நான் ஓடாமல் நின்று, "தாத்தா, உங்க கையிலே அரிவாள் இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "அருவா இங்கனதாம்ல இருந்துது. கை இங்க வாரதுக்குள்ள அது மூஞ்சிக்கு வந்துட்டு" என்றார்.

அந்தக் கிழவரின் கைக்கும் இடுப்புக்கும் இடையே இருந்தது ஒரு சாண் தூரம். இருநூறு வருஷத்துக் கரடிக் கதைகளைப் புரட்டிப் பார்த்தபோது, எல்லாமே அந்த ஒரு சாண் தூரத்தைப் பற்றிய கதைகளாகத்தான் எனக்குத் தோன்றின.

அமெரிக்காவில் குடியேறிய வெள்ளையர் கிரிஸ்லி கரடியைப் பற்றி விவரமாக எழுதத் தொடங்கியது 1805-இல். ஜனாதிபதி ஜெபர்சன், மிசூரி நதியின் வழியே மேற்குக் கடல் வரை போய் வரும்படி ஒரு கூட்டத்தை அனுப்பினார். தலைவர்கள் இருவர்: மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க். 1804-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை அவர்கள் மாண்டன் என்ற பூர்வகுடிகளின் ஊருக்குப் பக்கத்தில் கழித்தார்கள். கரடியைப் பற்றி அந்த ஜனங்கள் எச்சரித்தார்கள். அதை வேட்டையாடப் போவதென்றால் ஆறு பேர், எட்டுப் பேர், பத்துப் பேராகச் சேர்ந்துதான் போவார்களாம். முகத்தில் வண்ணம் பூசி, பகை நாட்டின்மேல் படையெடுக்குமுன் செய்யும் சடங்குகளையெல்லாம் செய்துவிட்டுப் புறப்படுவார்களாம். அப்படிப் போயும் ஒன்றிரண்டு பேரைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்புவதுண்டாம்.

லூயிஸுக்கு இது கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. ஏப்ரல் 29-ஆம் தேதி அவரே ஒரு கரடியைச் சுட்டுக் கொன்றார். காயம்பட்ட கரடி அவரை எழுபது எண்பது கெஜம் துரத்தத்தான் செய்தது, ஆயினும் செத்தது. வில்லும் அம்பும் மட்டமான துப்பாக்கியும் வைத்திருக்கிறவர்கள் பயப்படலாம், நல்ல ரைபிள் வைத்திருக்கும் தேர்ந்த வேட்டைக்காரனுக்கு இது பெரிய விஷயம் அல்ல என்ற பொருளில் அன்று தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

ஆறு நாள் கழித்துக் கிளார்க்கும் இன்னொரு வேட்டைக்காரரும் ஒரு பெரிய கரடியைச் சுட்டார்கள். பத்துக் குண்டுகள் பாய்ந்தன. அவற்றில் ஐந்து நுரையீரலைத் துளைத்தவை. அந்த நிலையிலும் கரடி ஆற்றில் பாதி தூரம் நீந்தி, ஒரு மணல் திட்டில் ஏறி, இருபது நிமிஷம் உயிரோடு கிடந்தது. மறுநாள் லூயிஸின் எழுத்தில் தொனி மாறிவிட்டது. கரடியைப் பார்க்க வேண்டும் என்று கூட்டத்தாருக்கு இருந்த ஆசை போதுமான அளவு தீர்ந்துவிட்டது என்று குறிக்கிறார். இன்னும் ஒரு வாரத்தில், ஒரு கரடியோடு மோதுவதைவிட இரண்டு மனிதர்களோடு மோதலாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

மே 14-ஆம் தேதி நடந்தது சினிமாக் காட்சியைப் போன்றது. தேர்ந்த வேட்டைக்காரர்கள் ஆறு பேர், திட்டம் போட்டு, வெட்டவெளியில் படுத்திருந்த ஒரு கரடியை நெருங்கினார்கள். நால்வர் சுடுவது, இருவர் ரவையை மிச்சம் வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. நால்வரும் சுட்டார்கள், நாலும் பட்டன. கரடி வாயைப் பிளந்துகொண்டு ஓடிவந்தது. மிச்சம் வைத்திருந்த இருவரும் சுட்டார்கள். அந்த இரண்டும் பட்டன. கரடி நிற்கவில்லை. இருவர் துப்பாக்கியையும் பையையும் எறிந்துவிட்டு, இருபது அடி உயரக் கரையிலிருந்து ஆற்றில் குதித்தார்கள். கரடியும் பின்னாலேயே குதித்தது. இரண்டாவதாகக் குதித்தவரை எட்டிப் பிடிக்கச் சில அடிகளே இருந்தன. கரையில் நின்ற ஒருவர் அதன் தலையில் சுட்டார். அப்போதுதான் அடங்கியது. தோலை உரித்துப் பார்த்தபோது எட்டுக் குண்டுகள் வெவ்வேறு திசைகளில் துளைத்திருந்தன.

ஆறு பேர், ஆறு ரைபிள், எட்டுக் குண்டு, வெட்டவெளி, முதலில் சுடும் வசதி. இத்தனை இருந்தும் பிழைத்தது ஒரு மயிரிழையில். தனியாக நடக்கும் என் மருமகன் இடுப்பில் செருகிக்கொள்ளப் போவது இதில் எத்தனையில் ஒரு பங்கு?

ஆனாலும் என் மனத்தில் தைத்தது வேறொரு நாள். அதே வருஷம் ஜூன் 14. லூயிஸ் மிசூரியின் பெரிய அருவிகளைக் கண்ட மறுநாள். அருவிகளுக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தன்னந்தனியே நடந்து போனார். மாலையாயிற்று. இரவுச் சாப்பாட்டுக்காக ஒரு காட்டெருமையைச் சுட்டார். அது விழுவதை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சுட்டவுடன் மறுபடி மருந்தைக் கெட்டிக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து வேட்டைக்காரனுக்கு மூச்சு விடுவதைப் போன்ற பழக்கம். அன்று மறந்துவிட்டார். திரும்பிப் பார்த்தால், இருபது எட்டு தூரத்தில் ஒரு கரடி.

துப்பாக்கியைத் தூக்கினார், காலி என்பது ஞாபகம் வந்தது. சுற்றிலும் புல்வெளி, முந்நூறு கெஜத்துக்குள் ஒரு மரம் கிடையாது. மெள்ள நழுவப் பார்த்தார். முதுகைக் காட்டியதுமே அது பாய்ந்தோடி வந்தது. எண்பது கெஜம் ஓடி, ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சட்டென்று திரும்பி நின்றார். கையில் இருந்தது, படை அதிகாரிகள் வைத்திருக்கும் ஈட்டிக் கம்பு ஒன்றுதான். அதை நீட்டினார். இருபது அடி தூரத்தில் கரையில் வந்து நின்ற கரடி, அவரைப் பார்த்தது. பார்த்துவிட்டுத் திரும்பி, பின்னால் ஏதோ துரத்துகிறாற்போல ஓடிப் போயிற்று.

ஏன் ஓடியது என்று லூயிஸுக்கு விளங்கவில்லை. இனி ஒரு கணமும் துப்பாக்கியைக் காலியாக வைத்திருப்பதில்லை என்று மட்டும் அன்று தீர்மானம் செய்துகொண்டார். நல்ல தீர்மானந்தான். ஆனால் அந்த மாலையில் அவரைக் காப்பாற்றியது துப்பாக்கி அல்ல. திரும்பி நின்றதும், கையில் எது இருந்ததோ அதை உடனே நீட்ட முடிந்ததுந்தான்.

இனிக் கைத்துப்பாக்கியின் கதைக்கு வருவோம். 1823-இல் ஹ்யூ கிளாஸ் என்ற தோல் வியாபாரக் கூட்டத்து வேட்டைக்காரரைக் குட்டிகளோடு இருந்த ஒரு தாய்க்கரடி கிழித்துப் போட்டது. அவர் ஊர்ந்தும் தவழ்ந்தும் மனித வாசத்துக்கு வந்து சேர்ந்த கதை இன்று உலகப் பிரசித்தம். அவர் காலத்தில் பிஸ்டல் என்பது ஒரு தடவை சுட்டால் தீர்ந்துபோகும் சாமான். 1836-இல் சாமுவேல் கோல்ட் தம் சுழல் துப்பாக்கிக்கு அமெரிக்காவில் உரிமைப் பத்திரம் வாங்கினார். 1847-இல் வாக்கர் என்ற பெயரில் வந்த அவருடைய ரிவால்வர், ஆறு ரவை கொண்டது. நிறை சுமார் 2 கிலோ. குதிரைச் சேணத்தில் தொங்கவிடத்தான் அது லாயக்கு; இடுப்பில் கட்டினால் மனிதன் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடக்க வேண்டும்.

அன்று தொடங்கிற்று இந்த இழுபறி. வலிமை வேண்டுமென்றால் கனம் வேண்டும். கனம் கூடினால் மனிதன் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறான். 1935-இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் 357 மேக்னம் என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தார்கள். ஐடஹோ மாநிலத்தில் எல்மர் கீத் என்று ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் இருந்தார். தலையில் பெரிய தொப்பி, வாயில் சுருட்டு, பத்திரிகைகளில் துப்பாக்கியைப் பற்றி எழுதுவது தொழில். இது போதாது, இன்னும் பெரிய ரவை வேண்டும் என்று வருஷக்கணக்காக நச்சரித்துக்கொண்டே இருந்தார். அதன் பலனாக 1955-ஆம் ஆண்டின் முடிவில் 44 மேக்னம் பிறந்தது. நிறை சுமார் 1,300 கிராம். அலாஸ்காவிலும் மோன்டானாவிலும் காட்டில் வேலை செய்கிறவர்கள் இடுப்பில் அது ஏறியது.

என் மருமகனுக்குக் கடைக்காரர் காட்டியது அதன் பேரப்பிள்ளை. ஸ்கேண்டியம் என்ற அபூர்வ உலோகத்தை அலுமினியத்தில் கலந்து செய்த சட்டம், டைட்டானியத்தில் உருளை. அதே 44 ரவை, ஆனால் நிறை ஏறக்குறைய 700 கிராம்தான். 2003-இல் வெளிவந்தது. கையில் எடுத்தால் பொம்மை மாதிரி இருக்கிறதாம். "இதுதான் மாமா எனக்குப் பிடித்திருக்கிறது" என்று எழுதியிருந்தான்.

இங்கே கொஞ்சம் கணக்கு. துப்பாக்கி ரவையை முன்னே தள்ளுகிறது. ரவை துப்பாக்கியைப் பின்னே தள்ளுகிறது. ரவையும் மருந்தும் அதே அளவாக இருந்து, துப்பாக்கியின் நிறை பாதியானால், அது கையை நோக்கி வரும் வேகம் இரட்டிப்பாகும். கையில் வந்து அடிக்கும் சக்தியும் இரட்டிப்பாகும். முதல் வெடியிலேயே குழல் வானத்தைப் பார்க்கும், மணிக்கட்டு வலிக்கும், மறுபடி குறிக்குக் கொண்டுவர நேரமாகும். இத்தனை லேசான ரிவால்வர்களில், அதிர்ச்சியால் மற்ற அறைகளில் இருக்கும் தோட்டாக்களின் குண்டுகள் முன்னே நகர்ந்து, உருளை சுழலாமல் பூட்டிக்கொள்வதும் உண்டு. ஆக, மலையேறும்போது இடுப்பில் மிச்சமான 600 கிராமை, சுடும்போது கை வட்டியோடு கட்டுகிறது. பயிற்சிக்குச் சுடுகிறவன் பத்து ரவையோடு போதும் என்று வைத்துவிடுகிறான். பயிற்சியில்லாத கையில்தான் அது கரடிக்கு எதிரே வெளிவருகிறது.

அதே 2003-இல் அதே கம்பெனியார் இன்னொரு ரிவால்வரையும் வெளியிட்டார்கள். பெயர் 500 மேக்னம். நீளக் குழல் வைத்ததன் நிறை சுமார் 2 கிலோ. பழைய வாக்கரின் நிறை! ஒன்றரை நூற்றாண்டு உலோக சாஸ்திரமெல்லாம் படித்து முடித்துவிட்டு, தராசு புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

நடுவே ஒரு வழியும் உண்டு. கிரீன்லாந்தின் வடகிழக்கே, மனித வாசமில்லாத பனிவெளியில், டென்மார்க் படையின் சீரியஸ் என்ற ரோந்துப் பிரிவினர் நாய் வண்டிகளில் இருவர் இருவராக மாதக்கணக்கில் திரிகிறார்கள். பனிக்கரடி அடிக்கடி கூடாரத்து வாசலுக்கு வரும். அவர்களிடம் ரைபிள் உண்டு. அதோடு உடம்பில் ஒட்டியிருப்பது 10 மில்லிமீட்டர் ரவை போடும் கிளாக் பிஸ்டல். சட்டம் பிளாஸ்டிக் ஜாதி. பதினைந்து ரவை நிரப்பினால் சுமார் 1,100 கிராம். ரவைக்கு ரவை 44-ஐவிட வலிமை குறைவுதான். ஆனால் கை தாங்குகிறது, இரண்டாவது வெடி சீக்கிரம் கிளம்புகிறது. விரிந்து பரவும் குண்டை விட்டு, விரியாமல் ஆழ இறங்கும் கெட்டிக் குண்டையே கரடிக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அனுபவஸ்தர்கள் சொல்லுகிறார்கள். துப்பாக்கிதான் வேண்டுமென்று ஒருவன் பிடிவாதம் பிடித்தால், இந்த ரகத்தைச் சொல்லிவிட்டு நான் ஒதுங்கியிருக்கலாம்.

ஆனால் அந்த ஒரு சாண் தூரம் என்னை விடவில்லை.

கிரிஸ்லி கரடி ஓடும் வேகம் மணிக்கு சுமார் 55 கிலோமீட்டர். அதாவது ஒரு விநாடிக்கு 15 மீட்டர். வளைந்து போகும் காட்டுப் பாதையில், முப்பது மீட்டருக்கு அப்பால் புதரிலிருந்து அது கிளம்பினால், நமக்குக் கிடைப்பது இரண்டு விநாடி. 'கரடி' என்று மூளை சொல்வதற்கே அதில் பாதி போய்விடும்.

டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலான ஆராய்ச்சிக்காரர்கள் அலாஸ்காவில் 1883 முதல் 2009 வரை, துப்பாக்கி வைத்திருந்தவர்கள் கரடியை எதிர்கொண்ட 269 சம்பவங்களைத் திரட்டி, 2012-இல் வெளியிட்டார்கள். கைத்துப்பாக்கிகள் நூற்றுக்கு 84 சம்பவங்களில் கரடியை நிறுத்தியிருக்கின்றன. நீளத் துப்பாக்கிகள் 76. குறைவான எண் அல்ல. கைத்துப்பாக்கி வீண் என்று சொல்லுகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். ஆனால் அதே கணக்கில் இன்னொரு வரி இருக்கிறது. துப்பாக்கியை உபயோகித்தவர்களுக்கும், வைத்திருந்தும் உபயோகிக்காதவர்களுக்கும் காயம் பட்டதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை! தோல்விகளுக்குக் காரணம் என்ன என்றும் பார்த்திருக்கிறார்கள். முதல் காரணம், எடுக்க நேரம் இல்லாமற் போனது: நூற்றுக்கு 27. எடுத்தும் சிக்கிக்கொண்டது, குறி தப்பியது, பூட்டை விடுவிக்க முடியாதது, கால் தடுக்கி விழுந்தது என்று ஜாபிதா நீளுகிறது. எங்கள் ஊர்க் கிழவர் இருந்திருந்தால் அந்த 27-க்குள் தம் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்.

கரடி ஏன் மனிதனிடம் வருகிறது என்பது அடுத்த கேள்வி. இதற்கு விடை 1967 ஆகஸ்டு 13-ஆம் தேதி இரவில் கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலை பெரிது. மோன்டானாவிலுள்ள கிளேஷியர் தேசியப் பூங்காவில், ஒரே இரவில், வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு கரடிகள் இரண்டு பெண்களைக் கொன்றன. இருவருக்கும் வயது பத்தொன்பது. பூங்கா ஏற்பட்ட 1910 முதல் அதுவரை அங்கே கரடியால் ஒரு சாவும் நேர்ந்ததில்லை. விசாரித்துப் பார்த்தால், மலைமேல் இருந்த விடுதியின் எச்சில் குப்பையை இரவுதோறும் கரடிகள் தின்ன வருவதும், விருந்தாளிகள் அதை வேடிக்கை பார்ப்பதும் வழக்கமாக இருந்திருக்கிறது. மனித வாசனையும் சோற்று வாசனையும் ஒன்றென்று நாமே அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அதன் பிறகுதான் குப்பைக்கும் கூடாரத்து உணவுக்கும் கண்டிப்பான விதிகள் வந்தன.

தேசியப் பூங்காக்களில் எடுத்த எடுப்பில் சுடத்தக்க துப்பாக்கி கொண்டுபோக நெடுங்காலம் தடை இருந்தது. 2009-இல் இயற்றிய சட்டம் 2010 பிப்ரவரியில் அமலுக்கு வந்து அதைத் தளர்த்தியது. மூன்று மாதத்தில், அலாஸ்காவின் டெனாலி பூங்காவில், புதரிலிருந்து வந்த ஒரு கிரிஸ்லியை ஒருவர் 45 பிஸ்டலால் ஒன்பது தடவை போலச் சுட்டார். கரடி புதருக்குள் திரும்பிப் போய், நூறு அடி தூரத்தில் செத்துக் கிடந்தது. அவரும் உடன் வந்த பெண்ணும் பிழைத்தார்கள். அந்த இருவருக்காக நான் சந்தோஷப்படுகிறேன். என் மருமகன் அந்த இடத்தில் நின்றிருந்தால் சுடாதே என்று நான் சொல்லமாட்டேன்.

சரி, துப்பாக்கிக்கு மாற்று என்ன? இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மிளகாய்!

மிளகாயின் காரச் சத்தை எண்ணெயில் கரைத்து, டப்பாவில் அழுத்தி அடைத்து, கரடியின் முகத்தில் பீச்சுவது. 1980-க்களில் மோன்டானா பல்கலைக்கழகத்தில், பிடித்துவைத்த கரடிகளிடம் சோதித்துப் பார்த்து வளர்த்த யோசனை இது. டப்பாவின் நிறை சுமார் 300 கிராம். மேலே சொன்ன எந்தக் கைத்துப்பாக்கியைவிடவும் லேசு! ஏழெட்டு மீட்டர் வரை ஆறு விநாடி போல ஒரு மேகமாகப் பரவும். துல்லியமாகக் குறி பார்க்க வேண்டாம். கரடி சாவதில்லை, கண்ணும் மூக்கும் எரிந்து ஓடிப்போகிறது. அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை இதை உபயோகித்த 83 சம்பவங்களை அதே ஆராய்ச்சிக்காரர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். கிரிஸ்லி ஜாதிக் கரடிகளை நூற்றுக்கு 92 தடவை அது நிறுத்தியிருக்கிறது. நெருக்கத்தில் எதிர்கொண்டபோது இதை வைத்திருந்தவர்களில் நூற்றுக்கு 98 பேருக்குக் காயமே இல்லை.

நியாயமாகப் பேச வேண்டும். இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 92 பெரிதா 84 பெரிதா என்று பேரம் பேசக்கூடாது. துப்பாக்கி எடுத்த இடங்களில் மூர்க்கமான பாய்ச்சல்கள் அதிகம். மிளகாய் பீச்சிய இடங்களில் சும்மா எட்டிப் பார்க்க வந்த கரடிகளும் உண்டு. எதிர்க்காற்று அடித்தால் காரம் நம் கண்ணுக்கே வரும். கடுங்குளிரில் டப்பாவின் வேகம் குறையும். இன்னொரு வேடிக்கை: கொசு மருந்தைப் போல இதைக் கூடாரத்தின்மேல் தெளித்து வைத்தால், அந்த வாசனைக்கே கரடி தேடி வந்து புரளுகிறதாம். நம்மவர்களைப் போல அதற்கும் காரத்தில் ஓர் ஆசை போலிருக்கிறது!

மிளகாய் பிறந்தது அமெரிக்கக் கண்டத்தில். போர்த்துக்கீசியர் கப்பலில் நம் நாட்டுக்கு வந்தது. மிளகைப் போலக் காரமாக இருக்கிற காய் என்று பெயர் வைத்து, அதைக் குழம்பில் போட்டு நாம் நமதாக்கிக்கொண்டோம். பிறந்த ஊரில் கடைசியில் அது கரடிக்கு மருந்தாயிற்று.

மருமகனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது, மறுபக்கத்தில் நிற்கும் கரடியையும் நினைத்துப் பார்த்தேன். லூயிஸ் போன காலத்தில், அலாஸ்கா நீங்கலான இன்றைய அமெரிக்க எல்லைக்குள் சுமார் 50,000 கிரிஸ்லிகள் இருந்தன என்று மதிப்பிடுகிறார்கள். 1975-இல், காப்பாற்ற வேண்டிய பிராணி என்று சட்டம் அறிவித்தபோது மிஞ்சியவை ஆயிரத்துக்கும் குறைவு. கலிபோர்னியா மாநிலத்தின் கொடியில் இன்றும் கிரிஸ்லி கம்பீரமாக நடக்கிறது. அந்த மாநிலத்து மண்ணில் 1920-க்களோடு அது அற்றுப்போயிற்று. முதல் வருஷம் இரண்டு பேரை ஆற்றில் குதிக்க வைத்த பிராணியை, துப்பாக்கிகள் நூற்றைம்பது வருஷத்தில் கொடித் துணிக்குள் தள்ளிவிட்டன. காப்பாற்றத் தொடங்கிய பிறகு இப்போது இரண்டாயிரம் அளவுக்குத் தேறியிருக்கின்றன. அவற்றின் வீட்டுக்கு ஐந்து நாள் விருந்தாளியாகப் போகிறான் என் மருமகன்.

நான் எழுதிய பதிலின் சாரம் இது:

"தம்பி, நாலைந்து பேராகப் போங்கள். புதர் அடர்ந்த இடத்தில், ஆற்றுச் சத்தம் கேட்கும் இடத்தில், உரக்கப் பேசிக்கொண்டு நடங்கள். நீ பாடினாலும் சரி, கரடி கட்டாயம் ஓடிவிடும். சோற்று மூட்டையைக் கூடாரத்துக்குத் தூரத்தில் வை. மிளகாய் டப்பாவை முதுகு மூட்டைக்குள் வைக்காதே; நெஞ்சுக்கு முன்னால், கை தானாகப் போகும் இடத்தில் கட்டிக்கொள். புறப்படுமுன் வீட்டில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது தடவை எடுத்துப் பழகு. கரடியைக் கண்டால் ஓடாதே. லூயிஸ் முதுகைக் காட்டியபோது அது துரத்தியது. திரும்பி நின்றபோது அது நின்றது. இவ்வளவுக்கும் பிறகு துப்பாக்கியும் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், லேசானதை வாங்காதே. நூறு ரவை சுட்டுப் பழகியும் உன் கை வலிக்காதது எதுவோ, அதை வாங்கு. பழகாத கைக்கு 700 கிராமும் மலைதான்."

அக்காவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். கரடி ஓடும் வேகத்தை மட்டும் வாசிக்காமல் தாண்டிவிட்டேன். மிளகாய் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"மெய்யாவா? மொளவாப் பொடியா?"

"ஆமாம் அக்கா."

"இதை முதல்லயே சொல்லப்படாதா? நான் இடிச்சு அனுப்பியிருப்பேனே" என்றாள். அன்றுதான் ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் முகம் தெளிந்தது. ஆனாலும் சொரிமுத்து ஐயனாருக்கு ஒரு பொங்கல் நேர்ந்துகொண்டுதான் வீட்டுக்குப் போனாள்.

ஆவணி மாதம் மருமகன் எழுதினான். ஐந்து நாளும் நடந்து முடித்தார்களாம். மூன்றாம் நாள் மத்தியானம், பாதை ஒரு பாறையைச் சுற்றித் திரும்பும் இடத்தில், ஐம்பது அடி தூரத்தில் ஒரு தாய்க்கரடியும் இரண்டு குட்டிகளும். "கரடி என்று நான் நினைக்கு முன்பே என் கை நெஞ்சுக்குப் போய் டப்பாவை எடுத்துவிட்டது மாமா. எப்படி எடுத்தேன் என்றே தெரியவில்லை" என்று எழுதியிருந்தான். நாலு பேரும் சேர்ந்து நின்று, மெள்ளப் பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்திருக்கிறார்கள். தாய் ஒரு தடவை எழுந்து நின்று பார்த்துவிட்டு, குட்டிகளை அழைத்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போயிற்றாம். டப்பாவைத் திறக்கவே இல்லை.

துப்பாக்கி வாங்கினானா என்று நான் கேட்கவில்லை. அவனும் எழுதவில்லை. அந்தக் கடிதத்தை மடித்து வைக்கும்போது, துண்டால் பாதி முகத்தை மூடிய அந்தக் கிழவர் இடுப்பைத் தொட்டுக் காட்டியது ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஒரு சாண் தூரத்தை என் மருமகனின் கை கடந்துவிட்டது. அக்காவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.